உயிர்ச்சக்கரம் கண்டவர்

நுழையும்முன்

ஆமணக்கு விதை மண்ணுக்குள் முளைக்கிறது. அங்கே ஒளி இல்லை. ஒளிச்சேர்க்கைக்கு வழியும் இல்லை. விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். முளைத்த சில நாள்களில் அந்த எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது. வேரும் தண்டும் வளர்ந்துகொண்டே வருகின்றன. எண்ணெயில் உள்ள கொழுப்பு எவ்வாறு ஆற்றலாகிறது? அதே கொழுப்பு எவ்வாறு சர்க்கரையாகவும் மாறுகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிச் சென்றால் இரண்டு இடங்களிலும் ஒரே பெயர் நம்மை எதிர்கொள்ளும். அப்பெயர் ஹான்ஸ் அடால்ஃப் கிரப்ஸ். தாவரவியல் பாடத்தில் ஒரு சுழற்சியின் பெயராக மட்டும் நாம் அறிந்திருக்கும் அவரை ஒரு மனிதராகவும் அறிந்துகொள்வோம்.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் நகரில் 1900ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் கிரப்ஸ் பிறந்தார். தந்தை கியோர்க் கிரப்ஸ், காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்; தாய் ஆல்மா. யூத வழிவந்த அக்குடும்பத்தின் மூன்று குழந்தைகளுள் கிரப்ஸ் நடுப்பிள்ளை. தந்தையைப் போல மருத்துவராக வேண்டும் என்பதே இளமையில் அவர் கொண்டிருந்த எண்ணம்.

பள்ளிப்படிப்பு முடியும் முன்பே முதல் உலகப்போர் அவரை அழைத்தது. 1918ஆம் ஆண்டு, போர்க்காலத்திற்கென நடத்தப்பட்ட அவசரத் தேர்வை எழுதித் தேறியபின் படையில் சேர்க்கப்பட்டார். இரண்டு திங்களில் போர் முடிவுக்கு வந்தது. பின்னர் கோட்டிங்கன், ஃபிரைபர்க், மியூனிக், பெர்லின் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்று, 1925இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

நோயாளிக்கு மருந்து கொடுப்பதைவிட, உடலுக்குள் நிகழும் வேதிமாற்றங்களை அறிவதிலேயே அவர் மனம் ஈடுபட்டது. மருத்துவம் கற்ற பின்னும் வேதியியல் கற்க முனைந்தார். ஆராய்ச்சியை நம்பி வாழ முடியுமா என்ற ஐயம் தந்தைக்கு இருந்தது. அந்த ஐயத்தைப் போக்கக் கிரப்ஸிடம் அப்போது சொற்கள் இல்லை. உழைப்பு மட்டுமே இருந்தது.

வார்பர்க்கின் ஆய்வகத்தில்

1926ஆம் ஆண்டு, பெர்லின் டாலெமில் இருந்த கெய்சர் வில்ஹெல்ம் நிறுவனத்தில் ஓட்டோ வார்பர்க்கின் உதவியாளராகக் கிரப்ஸ் சேர்ந்தார். உயிரணுக்களின் சுவாசத்தை அளந்தறிவதில் வார்பர்க் அக்காலத்தின் தலைசிறந்த அறிஞர். உறுப்பு ஒன்றிலிருந்து மெல்லிய சீவலை வெட்டி, அதை மூடிய கண்ணாடிக் குடுவையில் இட்டு, அது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவை மானோமீட்டர் எனும் அழுத்தமானியால் கணக்கிடும் முறையை அவர் உருவாக்கியிருந்தார். சீவல் மெல்லியதாக இருந்தால் அதன் உயிரணுக்கள் சிலமணி நேரம் உயிர்ப்புடன் இயங்கும். முழு விலங்கையோ முழு உறுப்பையோ கொண்டு பல நாள்கள் செய்யவேண்டிய சோதனையை ஒரு பிற்பகலில் பலமுறை செய்துபார்க்கலாம்.

நான்கு ஆண்டுகள் அங்குப் பணியாற்றிய கிரப்ஸ், அளவீட்டில் சிறிதும் பிசகாத ஒழுக்கத்தை வார்பர்க்கிடம் கற்றார். ஆயினும் ஆய்வுப்பொருளைத் தாமே தெரிவுசெய்யும் உரிமை அவருக்கு அங்குக் கிட்டவில்லை. உடலில் ஒரு பொருள் வேறொரு பொருளாக உருவாகும் வழிகளை இந்தச் சீவல் முறையால் கண்டறிய வேண்டும் என அவர் விரும்பினார். ஆசிரியருக்கோ அதில் நாட்டமில்லை. 1930இல் அங்கிருந்து விலகி மருத்துவமனைப் பணிக்குத் திரும்பினார். பகலில் நோயாளிகளைக் கவனித்து, எஞ்சிய நேரத்தில் ஆய்வு செய்யும் வாழ்க்கை தொடங்கியது.

முதல் சுழற்சி

ஃபிரைபர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றியபோது, கல்லீரல் எவ்வாறு யூரியாவை உருவாக்குகிறது என்னும் வினாவைக் கிரப்ஸ் எடுத்துக்கொண்டார். கர்ட் ஹென்சலைட் என்னும் மருத்துவ மாணவர் அவருக்குத் துணைநின்றார். கல்லீரல் சீவல்களோடு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து இருவரும் சோதித்தனர். ஆர்னித்தின் என்ற அமினோ அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தபோது யூரியாவின் உற்பத்தி பெருகியது. ஆனால் ஆர்னித்தின் செலவாகவில்லை.

பொருளும் பயன்பட வேண்டும், பயன்பட்ட பின் குறையாமலும் இருக்க வேண்டும் என்றால், அது மீண்டும் மீண்டும் உருவாக்கப்பட வேண்டும். தொடங்கிய இடத்திற்கே திரும்பிவரும் வேதிவினைத் தொடர் ஒன்று இருந்தால்தான் இது இயலும். இவ்வாறு 1932இல் ஆர்னித்தின் சுழற்சி எனப்படும் யூரியா சுழற்சி கண்டறியப்பட்டது. உயிர்வேதியியலில் சுழற்சி என்னும் கருத்து நிலைபெற்றதற்கு இக்கண்டுபிடிப்பே அடிப்படை. முப்பத்திரண்டு வயதில் கிரப்ஸின் பெயர் நாடுகடந்து பரவியது.

நாடிழந்த ஆண்டு

அப்புகழ் அவரைத் தாய்நாட்டில் காக்கவில்லை. 1933ஆம் ஆண்டு ஹிட்லரின் ஆட்சி அமைந்தது. ஏப்ரல் திங்களில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று யூதர்களை அரசுப்பணிகளிலிருந்து நீக்கியது. ஓராண்டுக்கு முன்பு பல்கலைக்கழகத்திற்குப் பெருமை தேடித்தந்தவர், பிறப்பை மட்டுமே காரணமாகக் காட்டிப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் செய்த ஆய்வில் பிழை இல்லை. அவர் ஆற்றிய மருத்துவத்தில் குறை இல்லை. ஆயினும் ஆய்வகத்தின் கதவு அடைக்கப்பட்டது.

வைட்டமின் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றிருந்த ஃபிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ், கிரப்ஸைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவித்தொகை வழங்கியது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் கிரப்ஸ் இங்கிலாந்தை அடைந்தார். தம் ஆய்வுக்கருவிகளை உடன்கொண்டுவர அவருக்கு இசைவு கிடைத்தது ஒரு நற்பேறு. நாடு, மொழி, பதவி ஆகியன பறிபோன நிலையிலும் மானோமீட்டர்கள் கைவிட்டுப் போகவில்லை. 1935இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பணி கிட்டியது.

புறாவின் தசையும் சிட்ரிக் அமிலமும்

உணவுப்பொருள் உயிரணுவில் எவ்வாறு முழுமையாக எரிந்து கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் மாறுகிறது என்பது அக்காலத்தின் பெரும்புதிர். விடையின் துண்டுகள் பலரிடம் சிதறிக்கிடந்தன. சக்சினிக், ஃபியூமாரிக், மாலிக், ஆக்சாலோ அசிட்டிக் ஆகிய நான்கு கார்பன் அமிலங்களுள் ஒன்றைச் சிறிதளவு சேர்த்தாலும் தசையின் சுவாசம் வேகம்பெறுவதை ஹங்கேரிய அறிஞர் ஆல்பர்ட் சென்ட் கியோர்கி காட்டியிருந்தார். சிட்ரிக் அமிலம் படிப்படியாக மாறிச் சக்சினிக் அமிலத்தை அடையும் வழியை 1937இல் மார்ட்டியஸ், நூப் ஆகிய இருவரும் வெளியிட்டனர்.

கிரப்ஸும் அவருடைய ஆய்வு மாணவர் வில்லியம் ஆர்தர் ஜான்சனும் புறாவின் மார்புத்தசையை நறுக்கிச் சோதித்தனர். இடைவிடாது சிறகடிக்கும் அத்தசை மிகுந்த ஆக்சிஜனைப் பயன்படுத்துவது. சிட்ரிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தபோது, அது தானே எரிவதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனைவிட மிகுதியான ஆக்சிஜன் உட்கொள்ளப்பட்டது. அப்படியானால் சிட்ரிக் அமிலமும் ஆர்னித்தினைப்போலச் செலவாகாமல் வினையைத் தூண்டுகிறது. அது எவ்வாறு மீண்டும் உருவாகிறது? ஆக்சாலோ அசிட்டிக் அமிலத்தைத் தசையோடு சேர்த்தபோது சிட்ரிக் அமிலம் தோன்றியது. கோட்டின் இரு முனைகளும் இணைந்தன. நேர்கோடாகத் தெரிந்தது வட்டமாயிற்று.

ஆக்சாலோ அசிட்டிக் அமிலம், உணவிலிருந்து வரும் ஒரு துண்டோடு இணைந்து ஆறு கார்பன் கொண்ட சிட்ரிக் அமிலமாகிறது. அது படிப்படியாக இரண்டு கார்பன்களைக் கார்பன் டைஆக்சைடாக இழந்து மீண்டும் ஆக்சாலோ அசிட்டிக் அமிலமாகிறது. இடையில் விடுபடும் ஹைட்ரஜனே ஆற்றலின் ஊற்று. இதுவே சிட்ரிக் அமிலச் சுழற்சி. இன்று நாம் கிரப்ஸ் சுழற்சி என்று படிப்பது.

இக்கண்டுபிடிப்பைச் சிறுகுறிப்பாக எழுதி நேச்சர் இதழுக்கு கிரப்ஸ் அனுப்பினார். 1937 ஜூன் திங்களில் மறுமொழி வந்தது. பல வாரங்களுக்குப் போதுமான கடிதங்கள் கையிருப்பில் இருப்பதால் குறிப்பை ஏற்க இயலவில்லை என்று இதழாசிரியர் தெரிவித்திருந்தார். கிரப்ஸ் மனம் தளரவில்லை. ஆய்வை முழுக்கட்டுரையாக விரித்து, நெதர்லாந்திலிருந்து வெளிவந்த என்சைமாலஜியா இதழுக்கு அனுப்பினார். இரண்டு திங்களுக்குள் அது அச்சேறியது. பதினாறு ஆண்டுகள் கழித்து நோபல் பரிசைப் பெற்றுத்தந்த கண்டுபிடிப்பு, முதலில் தட்டிய கதவு திறக்காமல் வேறொரு கதவு வழியே உலகிற்கு வந்தது.

கொழுப்பின் வழி

சுழற்சி கண்டறியப்பட்டபோது அது சர்க்கரை எரியும் வழியாகவே கருதப்பட்டது. கொழுப்பின் கதை வேறொரு முனையில் முன்னரே தொடங்கியிருந்தது. மேலே கண்ட அதே ஃபிரான்ஸ் நூப், 1904இல் ஃபிரைபர்க்கில் ஓர் எளிய சோதனை செய்திருந்தார். உடலால் சிதைக்க முடியாத பென்சீன் வளையம் ஒன்றைக் கொழுப்பு அமிலங்களின் முனையில் அடையாளமாக இணைத்து நாய்களுக்கு உணவாகக் கொடுத்தார். சிறுநீரில் வெளிவந்த எச்சங்களைப் பார்த்தபோது, கொழுப்பு அமிலத்தின் நீண்ட சங்கிலி இரண்டிரண்டு கார்பன்களாக வெட்டப்படுவது தெரிந்தது. வெட்டு நிகழும் கார்பனின் பெயரால் இது பீட்டா ஆக்சிஜனேற்றம் எனப்பட்டது.

வெட்டப்பட்ட இரு கார்பன் துண்டு எங்கே செல்கிறது என்பது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விளங்காதிருந்தது. ஃபிரிட்ஸ் லிப்மன் துணைநொதி ஏ என்ற பொருளைக் கண்டறிந்தார். அத்துணைநொதியோடு இணைந்த அசிட்டைல் துணைநொதி ஏ என்பதே அந்த இரு கார்பன் துண்டு என 1951இல் ஃபியோடர் லைனன் நிறுவினார். சர்க்கரை சிதைந்து கிடைக்கும் பைருவிக் அமிலமும் இதே பொருளாகவே மாறி ஆக்சாலோ அசிட்டிக் அமிலத்தோடு இணைகிறது. சர்க்கரைக்கு ஒரு சுழற்சி, கொழுப்புக்கு ஒரு சுழற்சி என்று இயற்கை தனித்தனியே வைக்கவில்லை. இரண்டு சாலைகளும் ஒரே சக்கரத்தில் வந்து சேர்கின்றன.

இச்சக்கரம் சுழலும் இடம் எது? 1948ஆம் ஆண்டை ஒட்டி, விலங்குகளின் கல்லீரலில் கொழுப்பு அமிலச் சிதைவும் கிரப்ஸ் சுழற்சியும் மைட்டோகாண்ட்ரியாவிலேயே நிகழ்வதை யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் காட்டினர். தாவரங்களிலும் அவ்வாறுதானா என்ற வினா எழுந்தது. 1951இல் கலிஃபோர்னியாவில் ஏடல் மில்லர்டு, ஜேம்ஸ் பானர் முதலியோர் பாசிப்பயறு நாற்றுகளிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்தனர். கிரப்ஸ் சுழற்சியின் அமிலங்களை அவை ஆக்சிஜனேற்றம் செய்து ஆற்றலைச் சேமிப்பதைக் கண்டனர். புறாவின் தசையில் கண்ட சக்கரம் பயற்றின் முளையிலும் சுழன்றது.

1953ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிரப்ஸுக்கும் லிப்மனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. லிப்மனும் ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லரின் ஆட்சியால் அந்நாட்டில் வாழ இயலாமல் போனவர்.

தெரிந்து தெளிவோம்

பால்மிட்டிக் அமிலம் பதினாறு கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம். ஏழு முறை வெட்டப்பட்டு எட்டு அசிட்டைல் துணைநொதி ஏ மூலக்கூறுகளைத் தருகிறது. முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடையும்போது நூற்றுக்கும் மேற்பட்ட ஏடிபி மூலக்கூறுகள் உருவாகப் போதுமான ஆற்றல் கிடைக்கிறது. ஒரு கிராம் சர்க்கரை ஏறத்தாழ 4 கிலோ கலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோ கலோரி தரும். சிறிய இடத்தில் மிகுந்த ஆற்றலைச் சேமிக்க வேண்டிய விதைகள் பல எண்ணெயைத் தேர்ந்துகொண்டதன் காரணம் இதுவே.

விதையின் புதிர்

1954இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியராகக் கிரப்ஸ் பொறுப்பேற்றார். அங்கே அவருடைய சுழற்சியே ஒரு புதிய சிக்கலை முன்வைத்தது. சக்கரத்திற்குள் இரண்டு கார்பன் நுழைந்தால், ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டு கார்பன் கார்பன் டைஆக்சைடாக வெளியேறிவிடும். கையில் எதுவும் மிஞ்சாது. அப்படியிருக்க, முளைக்கும் விதை கொழுப்பைச் சர்க்கரையாக மாற்றித் தண்டையும் வேரையும் எவ்வாறு கட்டுகிறது? அசிட்டிக் அமிலத்தை மட்டும் உண்டு வளரும் பாக்டீரியாக்கள் தம் உடலை எவ்வாறு உருவாக்குகின்றன?

இச்சிக்கலைக் கிரப்ஸோடு சேர்ந்து தீர்த்தவர் ஹான்ஸ் கோர்ன்பர்க். ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே அகதியாக இங்கிலாந்துக்கு வந்தவர். பதினேழாம் வயதில் ஷெஃபீல்டில் கிரப்ஸின் துறையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து அறிவியல் வாழ்வைத் தொடங்கியவர். அடைக்கலம் பெற்ற ஒருவர், அடைக்கலம் நாடி வந்த மற்றொருவருக்கு வழிகாட்டினார். இருவரும் 1957இல் கிளையாக்சிலேட் சுழற்சியை வெளியிட்டனர். இது பழைய சக்கரத்தில் அமைந்த ஒரு குறுக்குவழி. ஐசோசிட்ரேட் லையேஸ், மாலேட் சிந்தேஸ் என்னும் இரண்டு நொதிகள், கார்பன் டைஆக்சைடு வெளியேறும் படிகளைத் தவிர்த்துவிடுகின்றன. இரண்டு அசிட்டைல் துண்டுகள் உள்ளே வர, நான்கு கார்பன் கொண்ட சக்சினிக் அமிலம் ஒன்று மிஞ்சுகிறது.

அதே ஆண்டில் கோர்ன்பர்க்கும் தாவரவியல் அறிஞர் ஹாரி பீவர்ஸும், முளைக்கும் ஆமணக்கு விதையில் இக்குறுக்குவழி இயங்குவதைக் காட்டினர். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1967இல், இதற்கென அமைந்த நுண்ணுறுப்பைப் பிரெய்டன்பாக்கும் பீவர்ஸும் பிரித்தறிந்து கிளையாக்சிசோம் எனப் பெயரிட்டனர்.

இதனால் தாவரத்தின் கொழுப்புச் செலவில் ஓர் ஒழுங்கான வேலைப்பங்கீடு இருப்பது தெரியவந்தது. விலங்குகளின் கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு அமிலத்தை வெட்டும் பணியை முதன்மையாகச் செய்வது மைட்டோகாண்ட்ரியா. முளைக்கும் எண்ணெய் விதையிலோ அப்பணி பெரும்பாலும் கிளையாக்சிசோமில் நடைபெறுகிறது. அங்கு உருவாகும் சக்சினிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவை அடைந்து, கிரப்ஸ் சுழற்சியின் சில படிகளைக் கடந்து மாலிக் அமிலமாகிறது. அது சைட்டோபிளாசத்திற்கு வந்து சர்க்கரையாக உருப்பெறுகிறது. அச்சர்க்கரை வளரும் வேருக்கும் தண்டுக்கும் செல்கிறது. அங்குள்ள மைட்டோகாண்ட்ரியாவில் அதன் ஒரு பகுதி எரிந்து ஆற்றலாகிறது. மனித உடலில் அவ்விரு நொதிகளும் இல்லை. ஆகவே கொழுப்பு அமிலத்தின் இரு கார்பன் துண்டுகளைச் சர்க்கரையாக்கிச் சேர்த்துவைக்க நம்மால் இயலாது. சிறு விதை செய்யும் இச்செயல் நமக்குக் கைகூடாதது.

ஓயாத உழைப்பு

கிரப்ஸ் 1938இல் மார்கரெட் ஃபீல்டுஹவுஸை மணந்தார். மக்கள் மூவர். 1939இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது, மனிதருக்கு நாள்தோறும் எவ்வளவு வைட்டமின் தேவை என்பதைத் தன்னார்வலர்களைக் கொண்டு ஆராயும் பணியில் பங்கேற்றார். 1947இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1958இல் சர் பட்டம் பெற்றார். 1967இல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் ஆய்வகத்தை விட்டு அவர் விலகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனை ஒன்றில் சிறு குழுவோடு ஆய்வைத் தொடர்ந்தார். 1981ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22ஆம் நாள் காலமானார்.

புதிய பொருள்களைக் கண்டெடுத்ததைவிட, பலர் கண்டெடுத்த துண்டுகளை இணைத்துப் பார்த்ததே கிரப்ஸின் தனித்திறன். தசையைத் தூண்டும் அமிலங்களைச் சென்ட் கியோர்கி அறிந்திருந்தார். சிட்ரிக் அமிலம் சிதையும் வழியை மார்ட்டியஸும் நூப்பும் அறிந்திருந்தனர். முனைகளைச் சேர்த்து வட்டமாக்கியவர் கிரப்ஸ். தம் துண்டுகளை அவரிடம் ஒப்படைத்தவர்கள் பல நாட்டினர். அவருடைய சக்கரத்தை முழுமையாக்கியவர்களும் பல நாட்டினர். பிறப்பைக் காட்டி ஓர் ஆட்சி அவரை வெளியேற்றியது. அதனால் இழப்புற்றது அவருடைய அறிவு அன்று, அந்நாடே.

2015ஆம் ஆண்டு அவருடைய நோபல் பதக்கத்தைக் குடும்பத்தினர் ஏலத்தில் விற்றனர். அத்தொகையைக் கொண்டு அவர் பெயரில் அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. இளம் ஆய்வாளர்களுக்கும், தாய்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த அறிவியலாளர்களுக்கும் உதவுவது அதன் நோக்கம். 1933இல் கேம்பிரிட்ஜ் அவருக்குத் திறந்த கதவு, அவருக்குப் பின்னும் பிறருக்காகத் திறந்திருக்கிறது.